சுற்றிப் போன கம்பி

என் நாத்தனார் அறிவியல் டீச்சர். அப்படிப்பட்டவள், ஜூஸ் கொட்டிய சர்க்யூட் போர்டை அரிசி டப்பாவுக்குள் புதைத்து எடுத்துக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தால் எனக்குச் சிரிப்பு வராதா?

"சிரிக்காதீங்க அண்ணி. அரிசி ஈரத்த இழுத்துரும்னு எல்லாருந்தான் சொல்றாங்க."

"ஈரத்த இழுக்கும், சரி. சர்க்கரைய யாரு இழுப்பா? எறும்பா?"

பத்தொன்பது வருடமாக போர்டு பழுது பார்க்கிறேன். போன், டிவி, துணி துவைக்கும் இயந்திரம் என்று எது வந்தாலும் அதன் போர்டு என் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழேதான் வந்து படுக்கும். இந்த போர்டும் எனக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடங்களுக்கென்று செய்து விற்கும் ரோபோ கன்ட்ரோலர், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. அதை ஒரு குட்டி வண்டியில் மாட்டினால் அதுதான் வண்டிக்கு மூளை. இதே மாதிரி பதினொன்றை வேறு பள்ளிகளுக்குப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை போட்டி என்றாள். வண்டி கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும், சுவரோரம் இருக்கும் பெட்டியைக் கவ்வ வேண்டும், பின்னால் வந்து திரும்பி மறுமுனையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவள் பள்ளி முதல் தடவையாகக் கலந்துகொள்கிறது. குழுவில் நாலு பிள்ளைகள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் பெயர்ப் பட்டியலை அனுப்பிவிட வேண்டும், அதற்குப் பிறகு மாற்ற முடியாது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தது வியாழக்கிழமை மத்தியானம்.

"ஜூஸ்கூடப் பெரிசில்ல அண்ணி. என் கை தட்டித்தான் கொட்டுச்சு, கொஞ்சூண்டு. துடைக்கலாம்னு மூடியத் திறந்தா உள்ள பாருங்க, ஒரு பிள்ள பண்ணி வச்சிருக்கிற வேலைய!"

பார்த்தேன். போர்டின் பின்பக்கம் ஒரு செப்புக் கோட்டை யாரோ பிளேடால் கீறி அறுத்திருந்தார்கள். பக்கத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஈயம். அதிலிருந்து தலைமுடி மாதிரி ஒரு சிவப்புக் கம்பி கிளம்பி, போர்டின் விளிம்போடு மூன்று பக்கமும் ஊர்வலம் போய், கிளம்பிய ஓரத்துக்கே திரும்பி வந்து இன்னொரு புளியங்கொட்டைக்குள் புகுந்தது. நேராகப் போனால் இரண்டு விரற்கடைத் தூரம். எனக்கு உடனே எரிச்சல் வந்தது. ஒன்றும் தெரியாமல் போர்டில் கை வைப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

"யாரு இது?"

"கோட்டான்னு கூப்பிடுவாங்க பிள்ளைங்க. சரியான ஊமைக்கோட்டான், பன்னண்டு வயசு. வாயத் திறந்தா முத்து உதிர்ந்துரும். யார் பண்ணதுன்னு கேட்டேன், நான்தான்னு கையத் தூக்கிட்டா. அதோட குழுவிலேருந்து எடுத்துட்டேன். பள்ளிக்கூடச் சாமான் இல்லையா? நாளைக்கு அவங்க வீட்டுல வந்து ஏன்னு கேட்டா, காட்டுறதுக்கு நீங்க ஒரு வரி எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தேன். அதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. 'போர்டில் காணப்படும் கீறலும் கம்பியும் விவரம் அறியாத கையால் ஏற்பட்ட சேதம்' என்று கடைச் சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினேன். போர்டைக் கெடுத்துக் கொண்டுவரும் எல்லாரிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: இதை வடிவமைத்தவன் என்ன உன்னைவிட முட்டாளா?

நாத்தனார் போனதும் வேலையில் இறங்கினேன். யூ.எஸ்.பி. ஓட்டைக்குள்ளிருந்து மூன்று அரிசி வந்தது. ஸ்பிரிட்டும் தூரிகையும் வைத்துச் சர்க்கரைப் பிசுக்கைக் கழுவினேன். கழுவி முடித்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தபோது, எப்போதும் போல, ஒரு நிமிடம் வேலையை மறந்துவிட்டேன். பச்சைப் பூச்சுக்கு அடியில் செப்புக் கோடுகள் நெருக்கமாக ஓடுகின்றன. ஒன்றையொன்று தொடாமல், எங்கே வளைய வேண்டுமோ அங்கே வளைந்து, இடம் இல்லாவிட்டால் ஓட்டை வழியாக மறுபக்கம் இறங்கி, போக வேண்டிய சிப்பின் காலில் சரியாகப் போய் நிற்கின்றன. இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு இது அலுக்கவில்லை. கோயில் குளம் என்று நான் போவதில்லை. கும்பிடத் தோன்றுவது எனக்கு இந்த இடத்தில்தான்.

ஜூஸ் தின்றிருந்த ஒரு ரெசிஸ்டரை மாற்றினேன். பிறகு அந்தச் சிவப்புக் கம்பிக்கு வந்தேன். இந்தத் தொழிலில் இப்படிக் கம்பி போட்டு ஒட்டுவதற்கு ஜம்பர் அடிப்பது என்று பெயர். நானும் அடிப்பேன், ஆனால் பார்ப்பவர்களுக்குத் தெரியாத மாதிரி அடிப்பேன். இது கண்ணை உறுத்தியது. ஈயத்தைச் சூடாக்கி இழுத்தேன். கோபத்தில் கொஞ்சம் வேகமாகவே இழுத்துவிட்டேன். கம்பியோடு கீழே இருந்த செப்புப் பொட்டும் பெயர்ந்து வந்துவிட்டது. போகட்டும், அந்த இடம் இனி தேவையில்லை என்று விட்டேன். அறுத்திருந்த கோட்டை நல்ல கம்பியால் இணைத்து, மேலே பூச்சு பூசினேன். கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே ஆகிவிட்டது.

மேசையில் வைத்து மோட்டாரை மாட்டிப் பார்த்தேன். ஓடியது. முன்னால் ஓடியது, பின்னால் ஓடியது. காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாததுதான் குறை.

வெள்ளிக்கிழமை காலை போர்டை வாங்கிக்கொண்டு போன நாத்தனார் மத்தியானம் ஒன்றரை மணிக்கு போன் செய்தாள்.

"அண்ணி, வண்டி செத்துச் செத்துப் பிழைக்குது."

"என்ன உளர்ற?"

"நேராப் போகுது. சுவர் வரைக்கும் போகுது. பெட்டியக் கவ்விட்டுப் பின்னால வரப் பாக்குறப்ப அப்படியே அணைஞ்சுட்டு, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்குது. பெட்டியையும் கீழ போட்டுருது. நாலு மணிக்குப் பட்டியல் போகணும் அண்ணி. வண்டியே ஓடலன்னா எதுக்குப் பட்டியல்?"

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அறிவியல் அறையின் நடுவில் மேசைகளை ஒதுக்கி, தரையில் வெள்ளை அட்டை விரித்து, அதில் கறுப்புக் கோடு போட்டிருந்தார்கள். மூன்று பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை. என் முன்னால் வண்டியை விட்டார்கள். கோட்டைப் பிடித்து ஒழுங்காகப் போனது. சுவரருகே நின்று பெட்டியைக் கவ்வியது. இரண்டு மோட்டாரும் ஒன்றாகப் பின்னால் சுழலத் தொடங்கிய அந்த நொடியில் எல்லாம் நின்றது. பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி புதிதாகக் கிளம்பி, போய்ச் சுவரில் முட்டியது.

"பேட்டரி," என்றேன். என் வாய் தானாகச் சொன்ன வார்த்தை அது.

"புது பேட்டரி ஆன்ட்டி," என்றான் ஒரு பையன். "மூணு தடவ மாத்திட்டோம். முதல்லயும் இப்படித்தான் இருந்துச்சு."

"முதல்லன்னா?"

"வாங்குனப்பவே. அப்புறம் சரியாயிருச்சு. இப்ப மறுபடி அதே மாதிரி."

"நடுவுல எப்படிச் சரியாச்சு?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண், டீச்சரை ஓரக்கண்ணால் பார்த்தபடி, "கோட்டான் என்னமோ பண்ணுனா. அப்புறம் நிக்கவே இல்ல," என்றாள்.

நாத்தனாரைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வரச் சொல்லு," என்றேன்.

வந்தாள். ஒல்லியாக, உயரத்துக்கு மீறிய பையோடு, வாசலிலேயே நின்றாள். உள்ளே வரலாமா என்றுகூடக் கேட்கவில்லை. தரையிலிருந்த வண்டியைப் பார்த்தாள், பிறகு அதிலிருந்து கழற்றி நான் கையில் வைத்திருந்த போர்டைப் பார்த்தாள். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். கம்பி இல்லாத அந்த இடத்தைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

"இந்தக் கம்பிய எதுக்குப் போட்ட?" என்று கேட்டேன். என்னால் முடிந்தவரை மெதுவாகத்தான் கேட்டேன்.

வாயைத் திறந்தாள், மூடினாள். நாத்தனார், "கேக்குறாங்கல்ல, சொல்லு," என்று அதட்டப் போனாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அந்தப் பெண் மெதுவாகப் போய்க் கரும்பலகைக்கு முன்னால் நின்று ஒரு சாக்பீஸை எடுத்தாள்.

வரையத் தொடங்கினாள். முதலில் ஒரு செவ்வகம். அதற்குள் சிறு சிறு கட்டங்கள். பிறகு கோடுகள். ஒரு கோடு, அதற்கு ஒரு வளைவு, ஒரு புள்ளி, புள்ளிக்கு அப்புறம் விட்டு விட்டு ஒரு கோடு. விட்டு விட்டுப் போட்டவை மறுபக்கத்தில் ஓடும் கோடுகள் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் போர்டைக் கண்ணருகே தூக்கிப் பிடித்தேன். பலகையைப் பார்த்தேன், போர்டைப் பார்த்தேன், மறுபடி பலகையைப் பார்த்தேன். எண்பது கோடாவது இருக்கும். ஒன்றுகூடத் தப்பவில்லை. எந்தக் கோடு எந்த ஓட்டையில் இறங்கி எங்கே ஏறுகிறது என்பதுவரை அப்படியே இருந்தது. அவள் போர்டின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

நான் நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்திருப்பவள். கம்பெனி வரைபடம் கையில் இல்லாமல் நான் ஒரு போர்டில் அவ்வளவாக இறங்க மாட்டேன்.

"உனக்கு இதோட வரைபடம் எங்க கிடைச்சுது?"

தலையாட்டினாள், இல்லை என்று.

"பின்ன?"

"ஜன்னல்ல," என்றாள். முதல் முத்து. "வெயில்ல பிடிச்சா உள்ள தெரியும். தெரியாததுக்கு மீட்டர்."

ஆய்வுக்கூடத்து மீட்டரில் இரண்டு முனையையும் வைத்து, பீப் சத்தம் வந்தால் ஒரே கோடு, வராவிட்டால் வேறு கோடு. இப்படி ஒவ்வொரு காலையும் மற்ற எல்லாக் கால்களோடும் வைத்து வைத்துப் பார்த்திருக்கிறாள். எத்தனை நாள் என்று கேட்டேன்.

"மதியச் சாப்பாட்டு நேரம் மட்டும். நாப்பத்தி மூணு."

நாத்தனார் அப்படியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"சரி, இத எதுக்கு அறுத்த?"

அவள் பலகையில் இரண்டு வட்டம் போட்டாள். "இது மோட்டார் லைட்டு. இது மூளை லைட்டு. வண்டி நிக்கிறப்ப மோட்டார் லைட்டு மங்கும். மூளை லைட்டு மங்காது." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "மூளைக்குக் கரண்ட் குறையல. அப்ப அது தானா தூங்கல. யாரோ அத எழுப்பி விடுறாங்க. யாருன்னு தேடுனேன்."

பிறகு ஒரே ஒரு கோட்டின் மேல் சாக்பீஸை அழுத்தி ஓட்டினாள்.

அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. இந்த போர்டில் மோட்டாருக்குத் தனியாக ஐந்து வோல்ட், மூளைக்குத் தனியாக ஐந்து வோல்ட். மூளைக்கு ரீசெட் என்று ஒரு கால் உண்டு. அந்தக் காலில் வோல்ட் இறங்கினால், எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பி என்று அர்த்தம். அந்தக் காலைத் தாங்கிப் பிடிக்கும் கோடு மூளைப் பக்கத்திலிருந்து வர வேண்டும். இதிலோ மோட்டார் பக்கத்திலிருந்து வந்தது. இரண்டு மோட்டாரும் ஒன்றாகத் திமிறும்போது அந்தப் பக்கம் வோல்ட் இறங்கும், கூடவே ரீசெட் காலும் இறங்கும், மூளை பாவம் புதிதாகப் பிறக்கும். போர்டை வடிவமைத்தவன் செய்த தப்பு இது. அவள் அந்தக் கோட்டை அறுத்துவிட்டு, மூளைப் பக்கத்து ஐந்து வோல்ட்டிலிருந்து ஒரு கம்பி இழுத்துக் கொடுத்திருக்கிறாள். அவ்வளவுதான். அவ்வளவேதான்.

மீட்டரை எடுத்து நானும் வைத்துப் பார்த்தேன். பீப் என்றது. என் கடை மேசையில் இது ஏன் தெரியவில்லை என்பதும் அப்போது புரிந்தது: அங்கே மோட்டார் சும்மா காற்றில் சுழன்றது, இங்கே வண்டியையும் பெட்டியையும் இழுக்க வேண்டியிருந்தது. இதே குறையோடு வந்த பதினொரு போர்டுகளையும், பதினொரு பள்ளிக்கும், பேட்டரியை மாற்றுங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பியவள் நான். போர்டை வடிவமைத்தவன் முட்டாளா என்று கேட்டுக் கேட்டு, அப்படியும் இருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட, அந்தக் கரும்பலகையைப் பார்க்கப் பார்க்க ஏதோ பெரிய இடத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

"அந்தச் சீட்டு எங்க?" என்றேன் நாத்தனாரிடம்.

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். 'சேதம்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'திருத்தம்' என்று எழுதினேன். அப்போதும் 'விவரம் அறியாத கை' என்று மிச்சம் இருந்தது. அது என் கைதான். சீட்டையே கிழித்துப் போட்டேன்.

"அண்ணி, மணி ரெண்டே முக்கால்."

நேற்று நானே ஒட்டியதை நானே அறுத்தேன். அதில் கஷ்டமில்லை. கம்பி போய் உட்கார வேண்டிய செப்புப் பொட்டைத்தான் நேற்று வீறாப்பில் பிய்த்துப் போட்டிருந்தேனே! இனி அதே கோட்டில் இருக்கும் ரெசிஸ்டரின் முனையிலேயே ஒட்ட வேண்டும். கடுகில் பாதிகூட இருக்காது. சூடு கொஞ்சம் கூடினால் அதுவும் கழன்றுவிடும், அதற்கு மேல் ஒட்ட இடமே கிடையாது. அது போனால் போட்டியும் போச்சு, இந்தப் பெண்ணை ஊமைக்கோட்டான் என்று சொல்லி ஒதுக்கியதே கடைசி வார்த்தையாக நின்றுவிடும்.

லென்ஸை மாட்டிக்கொண்டு கம்பியை வெட்டப் போனேன். பழக்க தோஷத்தில் நேர்த் தூரத்துக்கு அளந்தேன். பிறகு கை நின்றது.

"நீ ஏம்மா சுத்திப் போட்ட? இப்படி நேராப் போகக் கூடாதா?"

அவள் கிட்டே வந்தாள். அந்த இரண்டு விரற்கடை இடத்தைச் சுட்டுவிரலால் தொடாமல் காட்டினாள்.

"அது மோட்டார் கரண்ட் போற பாதை. அது மேல போனா இதுக்குக் கேட்டுரும்."

"என்ன கேட்டுரும்?"

"மோட்டார் போடுற சத்தம். முதல்ல நேராத்தான் போட்டேன். பத்துல ரெண்டு தடவ நின்னுச்சு. அப்புறம் சுத்திப் போட்டேன், கேக்கல."

கேட்டுரும் என்கிறாள். கம்பிக்குக் காது இருக்கிற மாதிரி! புத்தகத்தில் இதற்கு வேறு பெயர் உண்டு, நான் பாஸான பரீட்சையில் அதற்கு அரைப் பக்கம் பதில் எழுதியிருக்கிறேன். இவளுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் ஒரு கம்பி பக்கத்துக் கம்பியிடமிருந்து எதைக் கேட்கும், எவ்வளவு தள்ளி வைத்தால் கேட்காது என்பதை அவளாகவே கண்டுபிடித்து வைத்திருந்தாள். அன்றுவரை நான் யாருக்கும் எழுந்து நின்றதில்லை; அப்போது எழுந்து நிற்கலாம் போல இருந்தது.

மூன்று பக்கமும் சுற்றி அளந்து கம்பியை வெட்டினேன்.

"எங்க ஒட்டணும், எங்க வளைக்கணும், நீ சொல்லு. நான் பிடிக்கிறேன்."

சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையாக, வளைவு வந்த இடத்தில் மட்டும் சொன்னாள். கடைசி முனையை ரெசிஸ்டரில் வைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டேன், எடுத்தேன். ஈயம் ஒரு சொட்டுப் பளபளப்போடு அப்படியே நின்றது. மெல்லத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை.

மணி மூன்று இருபத்தைந்து. வண்டியில் மாட்டி, கோட்டில் வைத்தார்கள். அவள் மற்றப் பிள்ளைகளோடு உட்காராமல் வாசலோரம் போய் நின்றுகொண்டாள். தான் இன்னும் குழுவில் இல்லை என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

வண்டி கிளம்பியது. சுவர். பெட்டி. இரண்டு மோட்டாரும் உறுமின. ஓரத்திலிருந்த மோட்டார் லைட் ஒரு கணம் மங்கியது, நடுவிலிருந்த மூளை லைட் மங்கவில்லை. வண்டி பெட்டியோடு பின்னால் வந்தது, திரும்பியது, மறுமுனைக்குப் போய்ப் பெட்டியை மெதுவாக வைத்துவிட்டு நின்றது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை விட்டார்கள். பத்துத் தடவை விட்டார்கள். பத்துத் தடவையும் நிற்கவில்லை.

நாத்தனார் கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். பட்டியலில் நாலாவது இடம் காலியாக இருந்தது. அந்தப் பெண்ணின் பெயரை முழுதாக அடித்து, எழுத்துச் சரியா என்று அவளையே கூப்பிட்டுக் காட்டிவிட்டு அனுப்பினாள். நாலு மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. பிறகு நாற்காலியை அந்தப் பெண் பக்கம் திருப்பினாள்.

"யாரு பண்ணதுன்னு கேட்டேன். எதுக்குப் பண்ணேன்னு கேக்கவே இல்ல. என்னை மன்னிச்சிரும்மா."

அவள் தரையைப் பார்த்துத் தலையாட்டினாள். மற்றப் பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். மணியடித்தது, வெளியே பள்ளிக்கூடமே இறங்கி ஓடும் சத்தம். நான் சாமான்களைப் பைக்குள் போடத் தொடங்கினேன்.

அவள் உட்காரவில்லை. பலகையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மிஸ்."

"என்னம்மா?"

"அதுல இன்னொரு எடத்துலயும் தப்பு இருக்கு." எச்சிலை விழுங்கினாள். "சொல்லவா?"

நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் பையைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு நடுவில் தரையிலேயே உட்கார்ந்தேன். நாத்தனாரும் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்லு. மெதுவாவே சொல்லு, நாங்க எங்கயும் போகல."

அந்தப் பெண் சாக்பீஸை எடுத்தாள்.